அப்பாவின் நாளிதழும் மிளகின் தட்டும்

எங்கள் பூனை மிளகுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை முடித்துக் கூட்டி வந்த அன்று, டாக்டர் கொடுத்த சீட்டில் மருந்துகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "14 நாள் மண் வேண்டாம். பேப்பர் மட்டும்." பூனையின் கழிப்பிடத் தட்டில் போடும் மண்ணைத்தான் சொல்கிறார். ஏன் என்று கேட்டேன். வயிற்றுக்கு அடியில் ஓர் அங்குலத்துக்குத் தையல் போட்டிருக்கிறது. பூனை தட்டில் குந்தும்போது வயிறு மண்ணை உரசும். கடையில் விற்கும் கட்டியாகும் மண் ஈரம் பட்ட இடத்தில் களியாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை அவள் நக்குவாள், நக்கினால் தையல் பிரியும், புண்ணில் சீழ் வைக்கும். "நியூஸ் பேப்பரையே கிழிச்சுப் போடுங்கம்மா, போதும்," என்றார்.

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. இப்போதும் எங்கள் வீட்டில் பூனைத் தட்டில் பேப்பர்தான். அந்த 14 நாள் ஏன் நாலு வருடமாக நீண்டது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பூனை வளர்க்கிறவர்கள், அதிலும் வீட்டில் மூச்சிரைப்பு உள்ள பெரியவர்கள் இருக்கிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் இரவு நான் செய்தது தப்பு. முழுத் தாளை நாலு மடிப்பாகத் தட்டில் விரித்து வைத்தேன். மிளகு ஏறி நின்று முன்காலால் பறித்தாள். தாள் வழுக்கியது. மறுபடி பறித்தாள். பூனைக்குத் தோண்ட வேண்டும், மூட வேண்டும். பாலைவனக் காட்டுப்பூனையின் வம்சம் அது. உதிரியாக ஏதாவது காலுக்கடியில் இருந்தால்தான் அதற்கு அது கழிப்பிடம். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டையோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க ஒன்றுக்குப் போகவில்லை. எனக்குத் தூக்கமே இல்லை.

விடிந்ததும் அப்பா உட்கார்ந்து பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு நாடா நாடாகக் கிழித்துக் கொடுத்தார். தட்டு நிறைய அதைப் போட்டதும் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவள் அந்த நாடாக்களை இழுத்து மூடிவிட்டு இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 31 வருடம் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு எங்களோடு சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறார். அவருக்கு வீசிங் உண்டு. இரவில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இன்ஹேலரை இழுத்துவிட்டு, மூச்சு சமனப்படும் வரை இருட்டிலேயே காத்திருப்பார். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததே, அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சன்னல் எதையும் திறக்கவில்லை. புகை, தூசி, ஊதுபத்தி எதுவும் அவருக்கு ஆகாது.

இதெல்லாம் தெரிந்தும், வாரத்துக்கு ஒருமுறை நான் மண் பையைப் பிரித்துத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். கொட்டும்போது ஒரு வெள்ளைப் புகை எழும். சன்னல் வெயிலில் அது சுழல்வது நன்றாகத் தெரியும். பிறகு பூனை ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் கொஞ்சம் எழும். டிவி மேல், பூஜை அலமாரி மேல், அப்பாவின் மூக்குக் கண்ணாடி மேல் மாவு போல ஒரு படிவு. அதைத் துடைத்தேனே தவிர, என்னவென்று யோசிக்கவில்லை.

அந்தப் பேப்பர் நாட்கள் 14இலும் அப்பா இரவில் எழுந்து உட்கார்ந்தது ஒரே ஒரு நாள். நான் அதைக் கவனிக்கவில்லை, அம்மாதான் சொன்னாள். பருவம் மாறியதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். தையல் பிரித்ததும் மிச்சமிருந்த மண் பையைத் திறந்து கொட்டினேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அங்கேயே இருமல் பிடித்துக்கொண்டது. அன்றோடு முடிவு செய்தேன்.

அதன் பிறகுதான் அந்த மண் என்ன, எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

பூனைக்கு மண் விற்கிற பழக்கத்துக்கு வயது 80கூட ஆகவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கசாபொலிஸ் என்ற சிற்றூர். 1947இல் எட்வர்ட் லோ என்ற இளைஞர் அங்கே தன் அப்பாவின் வியாபாரத்தில் இருந்தார். தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் மரத்தூளும் களிமண் குருணையும்தான் அவர்கள் விற்ற சரக்கு. பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் பூனைக்குச் சாம்பல் போட்டுக்கொண்டிருந்தாராம். வீடு முழுக்கக் கரிக் கால்தடம். மணல் கிடைக்குமா என்று கேட்டு வந்தவருக்கு லோ களிமண் குருணையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அது நன்றாக வேலை செய்தது. பத்துப் பைகளில் நிரப்பி, பை மேல் 'கிட்டி லிட்டர்' என்று எழுதி, ஐந்து பவுண்டுப் பை 65 சென்ட் என்று கடையில் கொண்டுபோய் வைத்தார். முதலில் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னதால் சும்மா கொடுக்கச் சொன்னார். வாங்கியவர்கள் திரும்பி வந்து காசு கொடுத்துக் கேட்டார்கள். பூனை வீட்டுக்குள்ளேயே முழு நேரமும் வாழ முடிந்ததற்கு அந்தக் குருணை ஒரு பெரிய காரணம். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சாம்பல் என்றதும் எனக்குப் பாட்டி வீடு ஞாபகம் வந்துவிட்டது. வறுமையைச் சொல்ல 'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்பார்கள். ஆனால் பாட்டி வீட்டில் தினமும் சமைத்து, ராத்திரி அடுப்பு ஆறியதும் பூனை போய் அந்த வெதுவெதுப்பான சாம்பலில் சுருண்டு கொள்ளும். விடியும்போது சாம்பல் நிறப் பூனையாக எழுந்து வரும். கழிப்பிடம் கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடி. தோண்டி, இருந்து, மூடிவிட்டு வரும். யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. ஃபிளாட்டுக்கு வந்தபோது அந்தக் கொல்லைப்புறத்தைத்தான் நாம் பையில் வாங்க ஆரம்பித்தோம். எங்கள் தெருவில் வீடு கட்ட மணல் கொட்டினால், முதல் நாள் இரவே தெருப்பூனைகள் அத்தனையும் அங்கே வந்துவிடும். கொத்தனார்கள் தார்ப்பாய் போட்டு மூடுவது மழைக்காக மட்டுமில்லை.

கட்டியாகும் மண் 1980களில் வந்தது. தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பென்டோனைட் என்ற களிமண் ஈரம் பட்டால் வீங்கி உருண்டையாகத் திரளும் என்பதைப் பூனைத் தட்டுக்குப் பயன்படுத்தினார். சோடியம் பென்டோனைட் தன் அளவைப் போலப் பல மடங்கு வீங்கும். உருண்டையை மட்டும் கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம், மீதி மண் அப்படியே இருக்கும். வசதிதான், மறுக்கவில்லை. நம் நாட்டில் இந்தக் களிமண் அதிகம் எடுக்கப்படுவது குஜராத்தில், கச்சு பக்கத்தில். மேல்மண்ணை வழித்துவிட்டு, திறந்த பள்ளமாகத் தோண்டி எடுத்து, உலர்த்தி, நொறுக்கி, சலித்து, லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். நான் மாதம் எட்டுக் கிலோ வாங்கிக்கொண்டிருந்தேன். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ. ஆயிரம் மைல் தாண்டி வந்த மண்ணை ஒரு பூனை ஒருமுறை நனைத்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடுகிறோம். எங்கள் பகுதிக் குப்பை போய்ச் சேர்ந்தது பெருங்குடிக்கு, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்துக்கு. அது மட்காது, எரியாது, எதுவாகவும் மாறாது.

தூசி விஷயம் இன்னும் முக்கியம். இந்தக் களிமண்ணில் படிகச் சிலிக்கா கொஞ்சம் கலந்திருக்கும். வேலையிடங்களில் வருடக்கணக்காகச் சுவாசிக்கப்படும் சிலிக்கா தூசியை, உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அது சுரங்கத்திலும் கல் உடைக்கும் இடத்திலும் நாள் முழுக்க மூச்சிழுக்கும் தொழிலாளிகளைப் பற்றியது. ஒரு வீட்டில் வாரம் ஒருமுறை மண் கொட்டுவதை அதோடு சேர்த்துப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் மூச்சுக்குழாய்க்கு எந்தத் தூசியும் வேண்டாத தூசிதான். தட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பறிக்கிற பூனைக்கும் அப்படியே. பூனைக்கும் ஆஸ்துமா வரும் என்பது பலருக்குத் தெரியாது. கழுத்தை நீட்டித் தரையோடு தரையாக வைத்து இருமும். முடியுருண்டை வாந்தி என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

சரி, பேப்பருக்கு வருகிறேன்.

அப்பாவிடம் கேட்டேன், பேப்பர் ஏன் இப்படி உறிஞ்சுகிறது என்று. அவர் எழுந்து போய் மூன்று தாள் கொண்டு வந்தார். ஒன்று நாளிதழ், ஒன்று நோட்டுத் தாள், ஒன்று வார இதழின் வழவழப்பான அட்டை. இங்க் பேனாவால் மூன்றிலும் ஒரு புள்ளி வைத்தார். நாளிதழில் மை நாலா பக்கமும் வேர் விட்டது. நோட்டுத் தாளில் புள்ளி புள்ளியாகவே நின்றது. அட்டையில் மேலேயே மிதந்தது. "நோட்டு பேப்பர், புத்தகம் அடிக்கிற மேப்லித்தோ எல்லாம் சைஸ் போட்டதும்மா. ஸ்டார்ச்சு, கெமிக்கல் போட்டு வாயை அடைச்சிருப்பான், மை ஊறக்கூடாதுன்னு. ஆர்ட் பேப்பர்ல மேலயே சுண்ணாம்பும் வெள்ளைக் களிமண்ணும் பூசியிருக்கும். நியூஸ் பிரிண்டுக்கு ஒண்ணுமில்ல. திறந்த வாய். மெஷின் ஓடுற வேகத்துக்கு மையைச் சட்டுன்னு குடிச்சாகணும்."

ஒரு பூனைத் தட்டுக்கு எந்தப் பேப்பர் சரி என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம் எடையுள்ள, மலிவான, நாலு நாளில் மஞ்சளாகிவிடும் அந்தத் தாள்தான் சரி. வண்ண இணைப்பின் பளபளத் தாள் ஆகாது. கூரியர் அட்டை, ரசீது ஆகாது.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். பேப்பர் என்பது மரத்தின், அல்லது கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் செய்வது போலக் கரும்புச் சக்கையின், நார். ஒவ்வொரு முறை கரைத்து மறுபடி தாளாக்கும்போதும் அந்த நார் உடைந்து குட்டையாகும். ஐந்திலிருந்து ஏழு முறை வரை தாளாக்கலாம் என்பார்கள். அதற்குப் பிறகு அது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, தாளாக நிற்காது. முட்டை அடுக்கும் அட்டை அந்தக் கடைசிக் கட்டத்தில் வருவது. குட்டை நாரானாலும் தண்ணீரை உறிஞ்சும் குணம் போகாது. எழுதவோ அச்சடிக்கவோ பொதி கட்டவோ இனி முடியாத நாருக்கு, இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஈரத்தை ஏந்திக்கொண்டு மண்ணாவது. பழைய பேப்பரைப் பூனைத் தட்டில் போடுவதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

வெளிநாடுகளில் இதைக் குச்சி குச்சியாக அழுத்தி விற்கிறார்கள். அமெரிக்காவில் பியூரினா நிறுவனத்தின் 'எஸ்டர்டேஸ் நியூஸ்' அப்படிப்பட்டது, பழைய காகிதத்தில் செய்வது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதைப் போடச் சொல்வது அங்கே மருத்துவர்களின் வழக்கம். எங்கள் பக்கத்துக் கடைகளில் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நாங்களே செய்ய ஆரம்பித்தோம்.

செய்முறை எளிது, நேரம்தான் பிடிக்கும். ஒரு கிலோ நாளிதழை நாடாவாகக் கிழித்து, பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊற வைக்கிறோம். காலையில் கையால் பிசைந்தால் சாம்பல் நிறக் கூழாகும். மேலே கறுப்பு நுரை நிற்கும். மையில் ஒரு பங்கு அதில் போய்விடும். காகித ஆலையிலும் மை நீக்குவது கிட்டத்தட்ட இப்படித்தானாம், சோப்பு போட்டுக் காற்றை ஊதி, மையை நுரையோடு மேலே வரவழைத்து வழித்துவிடுகிறார்கள். வடிகட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு கைப்பிடி ஆப்ப சோடா தூவி மறுபடி பிசைந்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி முறுக்கிப் பிழிகிறோம். பிழிந்ததை அப்படியே காய விட்டால் கல்லாகிவிடும். புட்டு மாவு உதிர்ப்பது போல இரண்டு கையாலும் தேய்த்து உதிர்க்க வேண்டும். மொட்டை மாடியில் பழைய கொசுவலையை விரித்து, வடாம் காய வைப்பது போலப் பரப்பிவிட்டால் சித்திரை வெயிலில் இரண்டு நாள். அடியில் ஈரம் நின்றுவிட்டால் பூஞ்சை பூக்கும், அதைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

வீட்டில் வாங்கும் இரண்டு நாளிதழும் சேர்ந்து மாதம் நாலு, நாலரைக் கிலோ தேறும். எங்களுக்கு ஐந்து வேண்டும். மிச்சம் எதிர் வீட்டிலிருந்து வருகிறது. அதுவும் போதாத மாதத்தில் பழைய பேப்பர் கடை அண்ணனிடம் எடை போட்டு வாங்குகிறேன். "எல்லாரும் கொண்டாந்து போடுவாங்க, நீங்க மட்டும் எடுத்துட்டுப் போறீங்களேக்கா," என்றார் முதல் தடவை. காரணம் சொன்னதும், எண்ணெய்க் கறை இல்லாத கட்டாகப் பார்த்து எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

கஷ்டம் அம்மாவிடமிருந்து வந்தது. அவளுக்குப் பூனை மேல் கோபம் ஒன்றுமில்லை. "எழுத்து இருக்கிற பேப்பர்ல போய்ப் பூனையை ஒண்ணுக்குப் போகவிடுறீங்களே, இது நல்லாவா இருக்கு?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. கீழே கிடந்த தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் நானும். அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வராது. எழுத்து கிடைக்காதவர்கள் வீட்டில் எழுத்துக்குக் கொடுத்த மரியாதை அது. அம்மா ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள்.

முதல் 14 நாள் நாடாவாகக் கிழித்துப் போட்டபோது தலைப்புகள் படிக்கிற மாதிரியே கிடந்தன. அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள். கூழாக்க ஆரம்பித்த அன்று அவளைக் கூப்பிட்டுப் பக்கெட்டைக் காட்டினேன். ஓர் எழுத்துகூட இல்லை. கையை விட்டு அளைந்து பார்த்தாள். "கரைஞ்சு போச்சு," என்றாள். "பிள்ளையாரைக் கரைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோ," என்றார் அப்பா. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஊற வைக்கும் முன் கட்டைப் பிரித்து அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். சாமி படம் இருக்கும் பக்கத்தைத் தனியே எடுத்துவிடுவாள். கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி விளம்பரங்களை அப்பா எடுத்துவிடுவார். அச்சகத்தில் இருந்தபோது அந்தப் படங்களின் முகம் கறுத்துவிடாமல் மை அளவைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவாராம். "ஒரு வீட்ல அதை வெட்டிப் பத்திரமா வெச்சிருப்பாங்க," என்றார். அவை எங்கள் வீட்டில் அலமாரிக்கு விரிப்பாகின்றன. வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், நிறையவே இருக்கின்றன.

பேப்பர் உருண்டையாகத் திரளாது. சிறுநீர் நேரே அடிக்குப் போய் அங்கே தங்கும். மலத்தைத் தினம் கரண்டியால் எடுக்கலாம், ஈரத்தைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை முழுத் தட்டையும் மாற்றுகிறோம். அரைக் கிலோ போகும். மூன்றாம் நாள் மாலை வாடை வரும், அதில் மண் பேப்பரைவிட மேல். பூனையின் சிறுநீர் நம்முடையதைவிட அடர்த்தியானது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக்கும். மூக்கை எரிக்கும் நெடி அது. ஆப்ப சோடா ஓரளவு அடக்கும், முழுக்க அல்ல. நாலாம் நாள் வரை இழுத்தால் பூனை வேறு இடம் தேடும், தப்பு அதனுடையதல்ல.

நெடிக்குப் பயந்து சிலர் தட்டைக் கறுப்பு பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள பினால் என்ற ரசாயனத்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினால் போதும், விஷம். டெட்டாலும் அப்படித்தான். வெறும் சோப்பும் வெந்நீரும், பிறகு வெயிலும் போதும்.

அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சென்னை மொட்டை மாடியில் ஒரு கைக்குட்டைகூடக் காயாது. முதல் வருடம் இதை யோசிக்கவில்லை. ஃபேனுக்கு அடியில் காய வைத்து, பாதி பூஞ்சை பிடித்து, வெறும் நாடாப் பேப்பரில் ஓட்டினோம். இப்போது ஆடியிலிருந்தே கூடுதலாகச் செய்து மூடி போட்ட டிரம்மில் சேர்த்து வைக்கிறோம்.

மையைப் பற்றியும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாளிதழில் பஜ்ஜி, வடை மடித்துத் தரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரிலும் எச்சரித்தது. அச்சு மையில் உள்ளவை உணவில் இறங்கும் என்பதே காரணம். சூடான எண்ணெய் அதை இன்னும் வேகமாக இழுக்கும். பூனை பாதத்தை நக்குகிற பிராணி என்பதால்தான் நாங்கள் சோப்பு போட்டு ஊற வைத்து இரண்டு முறை அலசுகிறோம். வெள்ளை மார்புள்ள மிளகின் மேல் இதுவரை கறுப்புக் கறை பட்டதில்லை. நாடாவாகப் போட்ட நாட்களில் பாதம் கறுத்திருந்தது.

எல்லாப் பூனையும் பேப்பரை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். பொதுவாகப் பூனைகளுக்குப் பொடி மண்தான் பிடிக்கும். மிளகுக்கு முதலில் தையல் நாட்களின் கட்டாயம் இருந்ததால் பழகிவிட்டாள். தங்கை வீட்டுப் பூனைக்கு ஒன்றரை மாதம் ஆனது. பழைய மண்ணில் ஒரு பங்கு பேப்பர், அடுத்த வாரம் இரண்டு பங்கு என்று மெல்லக் கூட்ட வேண்டும். நடுவில் அது கால்மிதியில் போனால் ஒரு படி பின்னால் போக வேண்டும். திட்டக் கூடாது.

தங்கை என்றதும் இன்னொன்று. அவள் வளைகாப்புக்கு வந்தபோது உறவுக்காரர்கள் பாதிப் பேர் பூனையை வெளியேற்றச் சொன்னார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலம் வழியாகப் பரவும், கருவில் உள்ள குழந்தைக்கு ஆபத்து என்பது உண்மை. ஆனால் மலத்தில் வரும் அதன் முட்டை அப்போதே தொற்றாது. தொற்றும் நிலையை அடைய ஒன்றிலிருந்து ஐந்து நாள் வேண்டும். தினமும் வேறொருவர் தட்டைச் சுத்தம் செய்தால், கர்ப்பிணி தட்டைத் தொடாமல் இருந்தால், பூனை வீட்டில் இருக்கலாம். சரியாக வேகாத இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் அதே ஆபத்து இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. மண் தட்டை வாரக் கணக்கில் விட்டுவைக்கலாம் என்கிற சோம்பலுக்குப் பேப்பர் இடம் கொடுக்காது. தங்கை போகும் வரை தட்டு அப்பாவின் பொறுப்பில் இருந்தது. மிளகு எங்கேயும் போகவில்லை.

போன வருடம் ஒரு தெருக்கடுவன் சில வாரம் எங்களோடு இருந்தான். ஒரு காலை அவன் தட்டில் சாம்பல் நிறக் கூழின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. காய்ந்த பேப்பரில் அது பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு அவன் தட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்ததும் அப்போதுதான் உறைத்தது. கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி அடைப்பில் கண்டுபிடித்துவிட்டதால் பிழைத்தான். பழுப்பு மண்ணில் அந்தத் திட்டை நான் பார்த்திருப்பேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பயன்படுத்தியதை என்ன செய்கிறோம் என்று கேட்கிறவர்களுக்கு: மலத்தைத் தனியே கட்டிக் குப்பையில் கொடுத்துவிடுகிறோம், கழிவறையில் போடுவதில்லை. நனைந்த பேப்பரை வளாகத்தின் மூலையில் உள்ள குழியில் போட்டுக் காய்ந்த இலையால் மூடுகிறோம். காகிதத்தில் கரிமம் அதிகம், சிறுநீரில் தழைச்சத்து அதிகம், இரண்டும் சேர்ந்து நன்றாக மட்கும். ஆறேழு மாதத்தில் கறுப்பு மண். அதைப் புங்க மரத்துக்கும் செம்பருத்திக்கும் மட்டும்தான் போடுகிறோம். கீரைப் பாத்திக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரு கைகூடப் போடுவதில்லை. மலத்தின் துணுக்கு ஏதாவது கலந்திருக்கலாம், அந்த எச்சரிக்கை எப்போதும் வேண்டும்.

இப்போது புரட்டாசி பாதி. டிரம்மில் ஏழு கிலோ இருக்கிறது, இன்னும் மூன்று வேண்டும். அப்பா காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, மடித்து, வண்ணத் தாளை உருவி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மீதியை நாடாவாகக் கிழிக்க உட்கார்ந்திருக்கிறார். அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறாள். மேகம் தெற்கே கூடுகிறது. நாளை மறுநாள் வரை வெயில் தாங்கினால் இந்தக் கொசுவலை நிறையக் காய்ந்துவிடும்.